மாடியிலிருந்து வந்த பை

செவிலிமேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் மாடியில் தனியாக இருந்தார். நெடிய உருவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல். ஞாயிறுதோறும் ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதங்களோடு கீழே இறங்கி வருவார்.

“வீடெல்லாம் பேப்பரா இருக்குதும்மா. தனியா உட்கார்ந்தா எதையும் தூக்கிப் போட மனசு வரல. நீ பக்கத்துல உட்கார்ந்துக்கினு, போட்டுடுங்கன்னு சொல்லு, போதும்.”

பழைய கரண்ட் பில், கேஸ் ரசீது, கல்யாணப் பத்திரிகை என ஒவ்வொன்றாக நீட்டுவார். நானும் “போட்டுடுங்க சார்” என்பேன். பத்திரிகை என்றால் மட்டும், முதலில் காமாட்சி படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொள்வார். சாமி குப்பைக்குப் போகக் கூடாதாம். மற்றதையெல்லாம் குப்பை வண்டியில் போடுவதாகச் சொல்லி எடுத்துப் போவார்.

ஒரு ஞாயிறு அவர் நீட்டிய பத்திரிகையில், காமாட்சி இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. போன வாரம் நான் போடச் சொன்ன அதே பத்திரிகை.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். கத்தரிக்கோலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“இதை இப்ப போட வேணாம் சார். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், படியேறும்முன் திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமை நீ இருப்ப இல்லம்மா?”