கசங்காத விரிப்பு

காலையில் விரிப்பு மாற்றுவது செக்கரம்மாவின் வேலை. எதிர்ப்பக்கம் நின்று முனையைப் பிடித்துக்கொள்வது நாத்தனாரின் வேலை. கட்டிலில் ஆள் படுத்திருக்கும்போதே மாற்ற வேண்டும். அவரை ஒருபக்கம் சாய்த்து, பழையதைச் சுருட்டி முதுகுக்கு அடியில் தள்ளி, புதியதையும் சுருட்டி அதன் பின்னாலேயே அனுப்பி, மறுபக்கம் சாய்த்து, இரண்டையும் அங்கிருந்து இழுத்து... சொல்வதற்கே மூச்சு வாங்குகிறது, செய்வதைக் கேட்கவே வேண்டாம்.

"பாருடி, ராத்திரி முழுக்க உங்கண்ணன் உழுது வச்சிருக்கற அழக."

"உழுகல. பஸ் ஓட்டினேன்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "மலைப்பாதை. வளைவு ஜாஸ்தி."

ஆயுசு முழுக்க நகரப் பேருந்தில் டிரைவராக இருந்தவர். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி வலது தோள் போயிருந்தது. இடதுபக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடி படுத்தால்தான் தூக்கம் வரும். தூக்கத்திலும் கால் பிரேக்கைத் தேடும். அவர் படுத்து எழுந்த விரிப்பைப் பார்த்தால், ராத்திரி அதில் யாரோ மல்யுத்தம் போட்டதாகத்தான் தோன்றும். கல்யாணமான மறுநாளே செக்கரம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது நோய் உடம்பைப் பாதியாக்கிவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் இளைக்கவில்லை.

செக்கரம்மா என்பது ஆலையில் வைத்த பெயர். சட்டை தைக்கும் ஆலை, அவள் அங்கே செக்கர். தையல் வரிசையின் கடைசியில், தலைக்கு மேல் குழல்விளக்கு தொங்கும் மேசை அவளுடையது. வருகிற சட்டையை முதலில் உள்பக்கமாகத் திருப்புவாள். வெளிப்பக்கத்தை எவரும் அழகாகத்தான் தைப்பார்கள், ஆளின் யோக்கியதை உள்தையலில்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. விட்ட தையல், பிசிறு, எண்ணெய்க் கறை, சுருக்கம், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சட்டை திரும்பிப் போய்விடும். தைத்தவர்கள் அவளை வையாத நாள் கிடையாது. அவளும் அதைக் காதில் போட்டுக்கொண்டது கிடையாது.

வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. "என் ஆபிசர் இத்தன வருஷம் என்மேல ஸ்டிக்கர் ஒட்டாம வச்சிருக்கா. அதுவே பெரிய விருது," என்பார் கணவர், வருகிறவர்களிடமெல்லாம்.

"இனிமே வைத்தியம்னு பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, வலி இல்லாம பாத்துக்கறதுதான்," என்று டாக்டர் சொன்னபோது, அவள் கை தானாக நீண்டு அவருடைய கோட்டுக் கையிலிருந்து ஒரு நூல் பிசிறைப் பிடுங்கியது. பிடுங்கிய பிறகு எங்கே போடுவதென்று தெரியாமல் வீடு வரைக்கும் விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார்கள். ஆனால் வலி கிளம்பும்போது ஊசி போட ஆள் வேண்டும். வீடோ மூன்றாவது மாடியில். ஒருநாள் மத்தியானம் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்க, நர்சு படியேறி வந்து சேர்வதற்குள் மூன்று பேரும் செத்துப் பிழைத்தார்கள். அதற்கப்புறம் அவரே சொன்னார்: "இதுக்குன்னு ஹோம் இருக்காமே. அங்க போட்டுடு ஆபிசர். வலி வந்தா அங்க பக்கத்துலயே ஊசி இருக்கும்."

நாத்தனார் முகம் கோணிக்கொண்டது. அவளுக்கு ரொட்டிக் கடையில் வேலை. கீழ்வீட்டில் தனியாக இருந்தாள். அண்ணன் என்றால் உயிர். "போட்டுடுன்னு சொல்றதுக்கு நீ என்ன பழைய டயராண்ணே?" என்று அவரைக் கேட்டுவிட்டு அண்ணி பக்கம் திரும்பினாள். "சரி. போறதுதான் போறீங்க, சட்டைப் பொத்தான் பாக்கற மாதிரி பாக்காம, மனுஷங்களப் பாத்துட்டு வாங்க."

"நான் பாக்கற மாதிரி நீ பாத்துருவியோ?"

"எனக்கு வேகாத ரொட்டி எதுன்னு தெரியும். அது போதும்."

டாக்டர் சொன்ன ஹோம்கள் இரண்டு. செக்கரம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரு பரபரப்பு. பேருந்தில் இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை.

முதல் ஹோம் பழைய வீடு. உள்ளே நுழையும்போதே சமையலறையில் யாரோ யாரையோ திட்டும் சத்தம். ஒரு நாற்காலியின் கைக்கு பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அவள் வழக்கப்படி முன்கூடத்தை விட்டுவிட்டு நேரே பின்பக்கம் போனாள். கொடியில் விரிப்புகள். சுத்தம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டில் ஒட்டுத்தையல். வார்டில் எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கட்டில் விரிப்பு கசங்கிக் கிடந்தது. ஜன்னலோரம் படுத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இரண்டு தலையணைகளைக் கட்டிக்கொண்டு, அழிக்கும் ரப்பரைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி ஒரு நர்சிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாகக் கிடக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் என்ன சிரிப்பு என்று செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது.

பொறுப்பாளரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றார்கள். பெருத்த உடம்பு, கையில் மருந்து வாசனை. செக்கரம்மா கேள்விகளை அடுக்கினாள். ராத்திரி டாக்டர் இருப்பாரா, ஊசி யார் போடுவார்கள், ஆள் கூட இருக்கலாமா. சிஸ்டர் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, தான் கேட்க ஆரம்பித்தார்.

"அவருக்கு எந்தப் பக்கம் படுத்தா தூக்கம் வரும்? எதைச் சொன்னா கோபம் வரும்? வலின்னா வாய விட்டுச் சொல்லுவாரா, பல்லக் கடிச்சிட்டு இருப்பாரா?"

"அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர். விரிப்பு ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?"

பெரிய சிஸ்டர் வார்டு பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஆள் இருக்காங்கம்மா அதுல," என்றார்.

கேட்டதற்கு மழுப்புகிறாள், நம் கேள்வியைத் தட்டிவிட்டுத் தான் கேள்வி கேட்கிறாள் என்று செக்கரம்மாவுக்குத் தோன்றியது. மனசுக்குள் ஒரு சிவப்பு அம்பை எடுத்து ஒட்டினாள்.

இரண்டாவது ஹோமில் வாசலிலேயே செருப்பு வைக்கத் தனி அலமாரி. டை கட்டிய மேலாளர் கூடவே வந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். பின்பக்கமும் போனாள், அங்கேயும் தரை பளபளத்தது. கட்டில்களைப் பார்த்தபோதுதான் நின்றுவிட்டாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நான்கு மூலையும் பெட்டி போட்ட மாதிரி மடிப்பு. அதன்மேல் ஆட்கள் மல்லாந்து, கண்ணை மூடி, சத்தமே இல்லாமல் படுத்திருந்தார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் மேலாளரிடம் தயாராக பதில் இருந்தது. அவர் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை.

"பாஸ்," என்று செக்கரம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அவரைக் கொண்டுபோய் விட்ட நாள் சாயங்காலம் அவளுக்கு வீடு முழுக்க வேலை இருந்தது. எதையும் முடிக்க முடியவில்லை. துவைத்ததையே துவைத்தாள். மறுநாள் ஆலை விட்டதும் நேரே ஹோமுக்கு ஓடினாள். அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடியில் விரிப்பு கண்ணாடி மாதிரி. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

"ஒரு சுருக்கம் கிடையாதுடி," என்றாள் நாத்தனாரிடம்.

"அண்ணன் படுத்த விரிப்பா அது?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

நாத்தனார் அதோடு படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள். அது செக்கரம்மாவுக்கு என்னவோ செய்தது. பேசியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அடுத்த நாள் போனபோது அவர் அரைக்கண் திறந்திருந்தார். நாக்கு குழறியது. "ரொம்ப மரியாத ஆபிசர் இங்க. சார், சார்ங்கறாங்க. சார்னு கூப்பிட்டுட்டுப் போயிடறாங்க." கொஞ்சம் கழித்து, "யாரும் திட்டவே மாட்டேங்கறாங்க," என்றார்.

அதையும் அவர் வழக்கமான வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த "திட்டவே மாட்டேங்கறாங்க" காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது.

விஷயம் உறைத்தது ஆலையில் வைத்துத்தான். இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகளை மறுபார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "செக்கரம்மா, இப்படி ஒரு மடிப்புக்கூட கலையாம போட்டுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"போட்டா கலையாம எப்படி இருக்கும்? யாரும் உள்ள இல்லாத சட்டைதாண்டி இப்படி இருக்கும்..."

பாதி வாக்கியத்தில் நாக்கு நின்றது. கையிலிருந்த கத்தரியை வைத்தாள். சூப்பர்வைசர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். வாசலுக்கு வந்த பிறகுதான் நாத்தனாருக்குப் போன் போடத் தோன்றியது. "கடைய விட்டுட்டு வாடி. என்னன்னு கேக்காத, வா."

ஹோமில் இருவருமாக அவரைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். வீட்டில் தினம் செய்த வேலைதானே, சொல்லிக்கொள்ளாமலே கைகள் சேர்ந்தன. முதுகின் அடிப்பக்கத்தில், இஸ்திரிப் பெட்டி சுட்ட மாதிரி உள்ளங்கையளவு சிவப்பு. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தூக்கத்தில் முனகினார். கால் ஒருமுறை அசைந்தது, பிரேக்கை எட்டவில்லை.

ஓடிவந்த பணிப்பெண், "தொந்தரவு பண்ணாதீங்கம்மா, அமைதியாத் தூங்கறாரு," என்றாள்.

"தூங்கறாரா, தூங்க வச்சிருக்கீங்களா? புரட்டிப் படுக்க வச்சீங்களா இவர?"

மேலாளர் டையைச் சரிசெய்துகொண்டே வந்தார். "அவர் கேக்கலையேம்மா. எங்க விரிப்பெல்லாம் உசத்தித் துணி. நீங்களே பாக்கலாம், சுருக்கமே விழாது."

"துணியப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க," என்றாள் செக்கரம்மா. கோபம் பாதி மேலாளர்மேல், பாதி தன்மேல். "ஆள் புரண்டா எந்தத் துணியும் சுருங்கும்."

நாத்தனார் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணியைக் குத்திக்காட்ட அவளுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க போங்க அண்ணி, அந்த மொத ஹோமப் பாருங்க. நான் இங்க இருக்கேன். எவன் வந்து தொந்தரவுங்கறான்னு பாக்கறேன்."

பிளாஸ்திரி சுற்றிய நாற்காலி அதே இடத்தில் இருந்தது. இந்தமுறை செக்கரம்மா பின்பக்கம் போகவில்லை. பெரிய சிஸ்டரின் சிறிய அறையில், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "உக்காருங்க" என்றதற்கு உட்காரவில்லை.

"இடது பக்கம்," என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்னம்மா?"

"அன்னைக்குக் கேட்டீங்கள்ல, எந்தப் பக்கம் படுத்தா தூக்கம் வரும்னு. இடது பக்கம். சுவரப் பாத்து. வலி வந்தா சொல்ல மாட்டாரு, தலகாணியக் கடிப்பாரு. கோபம்... அவர் வண்டி ஓட்டறதப் பத்திக் குறை சொன்னா வரும். இல்லாட்டி வராது. யாராவது ஒருத்தர் திட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பயந்துக்குவாரு."

சிஸ்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எங்கே சேர்த்தீர்கள், ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்கவில்லை. முதுகு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். செக்கரம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"தோல் உரிஞ்சிருக்கா?"

"இல்ல. சிவந்துதான் இருக்கு."

"அப்ப சமாளிச்சிரலாம். மல்லாத்தாதீங்க. முதுகுக்குப் பின்னாடி ஒரு தலகாணி, முட்டிக்கு நடுவுல ஒண்ணு. அடிக்கடி பக்கம் மாத்துங்க. சிவப்பத் தேய்க்காதீங்க."

"நாத்தனார் அங்க இருக்கா. சொல்லிர்றேன்." அதே மூச்சில் கேட்டாள்: "இங்க இடம் இருக்கா சிஸ்டர்?"

"இன்னைக்கு இல்லம்மா. எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்காங்க."

கதவு திறந்துதான் இருந்தது. வார்டின் கோடியில் ஜன்னலோரக் கட்டில் தெரிந்தது. வாத்தியார் இப்போது தலையணைகளைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரோ அவற்றை அவருக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். வாய் சற்றுத் திறந்திருந்தது. முறையிடும் அளவுக்கு அவரிடம் மூச்சு இல்லை. அன்றைக்குச் சிரித்த அதே நர்சு அருகில் உட்கார்ந்து, அவர் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு அடியில் விரிப்பு கசங்கிக் கிடந்தது.

செக்கரம்மா அதையே பார்த்தாள். தன் கண் எங்கே போகிறதென்று தனக்கே தெரிந்து, எடுக்கப் பார்த்தும் எடுக்க முடியாமல் பார்த்தாள். இங்கே இவள் நிற்கும் நேரமெல்லாம் அங்கே அவர் முதுகு அந்தக் கண்ணாடி விரிப்பில் அழுந்திக்கொண்டிருப்பதாகவே இருந்தது. நாத்தனார் இருக்கிறாள் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது. அவளும் எவ்வளவு நேரம் தனியாகப் புரட்டுவாள்?

"எப்ப காலியாகும்?" என்றாள்.

கேட்டுவிட்டாள். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்திருப்பாள். எடுத்திருப்பாளா என்பதும் நிச்சயமில்லை.

பெரிய சிஸ்டர் அவளை முகம் சுளித்துப் பார்க்கவில்லை. இரக்கத்தோடும் பார்க்கவில்லை. இந்த அறையில், இதே இடத்தில் நின்று, இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள் போலிருந்தது. பதிலுக்கு வாயெடுக்கிறார் என்று செக்கரம்மா நினைத்த நேரத்தில் வார்டில் மணி அடித்தது.

"வாத்தியாரத் திருப்பணும் சிஸ்டர்," என்று நர்சின் குரல்.

சிஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கைகளைத் துடைத்துக்கொண்டு, செக்கரம்மாவைத் தாண்டி வெளியே போனார்.