ஏரி நடுவில் எடுத்த தண்ணீர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பாட்டிலக்கா, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக, தோளில் ஐஸ் பெட்டியும் அதற்குள் கிருமி நீக்கிய பாட்டில்களுமாகப் போய், குடிநீர் ஏரியிலிருந்து வாரம் ஒருமுறை தண்ணீர் எடுத்து வருவாள். அதை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளைத் தட்டில் வைத்து, ஒரு நாள் சூட்டுப் பெட்டிக்குள் விடுவாள். மறுநாள் தட்டில் நீலப் புள்ளிகள் முளைத்திருக்கும். புள்ளி என்றால் ஈ-கோலை. குடலில் வாழும் கிருமி. தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். யாருடைய மலம் என்று மட்டும் அது சொல்லாது.

அதைச் சொல்லாததால்தான் அவளுடைய தம்பி வீடிழக்க இருந்தான்.

தம்பி ஏரிக் காவலாளி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்து, கரையோரக் குவார்ட்டர்ஸில் குடியேறினான். மனைவிக்கு இப்போது எட்டாவது மாதம். அவன் வந்த சமயத்திலிருந்துதான் புள்ளிகளும் ஏறின. பத்துக்குள் இருந்தது நூறு, நூற்றைம்பது, இருநூறு. பொறியாளர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்: காவலாளி வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி கசிகிறது, பத்து நாளில் காலி செய்ய வேண்டும், வேலையும் கிடையாது. உத்தரவின் பின்னால் ஆதாரமாகக் குத்தியிருந்தவை அக்கா கையெழுத்துப் போட்ட அறிக்கைகள்.

"வேற யாராவது ஆப்பு வெச்சிருந்தா சண்டைக்காவது போயிருப்பேன்," என்று தம்பி ஆய்வுக்கூட வாசலில் நின்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க போறதுக்கா, இந்த நிலைமையில அவளைக் கூட்டிக்கிட்டு?"

அவன் போன பிறகு அவள் டிபன் டப்பாவைத் திறக்கவேயில்லை. பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புரட்டினாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம படகு எப்போ ஓட்டையாச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்கா."

புள்ளிகள் ஏற ஆரம்பித்த பக்கத்தில் அவள் விரலை வைத்தாள்.

படகு இருந்தவரை ஏரி நடுவுக்குப் போய்த்தான் தண்ணீர் எடுப்பாள். அது ஓட்டையானதும், இன்னொன்று கேட்டு எழுதி எழுதி அலுத்துப்போய், நீர்மட்டம் பார்க்கும் இரும்பு மேடையின் ஏணியில் இறங்கி எடுக்க ஆரம்பித்தாள். படிவத்தில் 'ஏரி நடு' என்று அச்சடித்தே இருந்தது. அவள் அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே கணினியில் ஏற்றியவன் நான். எனக்கும் படகு ஓட்டை என்று தெரியும்.

அந்த மேடைக் கம்பியில்தான் நீர்க்காகங்கள் நூற்றுக்கணக்கில் அடையும். கம்பி முழுக்க வெள்ளை பூசினாற்போல் எச்சம். அது தலையில் விழாமலிருக்கத் தொப்பி போட்டுக்கொண்டு இறங்குவாள். தண்ணீருக்குத் தொப்பி போட யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலை காற்றடைத்த டிராக்டர் டியூபில் தம்பியை ஏரி நடுவுக்கு அனுப்பினாள். அவன் கழுத்தில் கட்டிய கயிற்றில் பாட்டில் தொங்கியது.

"அண்ணி, அவருக்கு நீச்சலே அரைகுறை!" என்று கரையிலிருந்து தம்பி மனைவி கத்தினாள்.

"பாட்டில் மூடியைத் தண்ணிக்குள்ள போய்த் திறடா! வாயில விரல் படக்கூடாது!" என்றாள் அக்கா.

"நான் முங்கினாலும் பாட்டில் மிதக்கணும், அதானே?"

குவார்ட்டர்ஸ் கரையோரம் ஒரு பாட்டில், ஏணியடியில் ஒரு பாட்டில் அவளே எடுத்தாள்.

அடுத்த நாள் தட்டுகளைத் திறந்தோம். நடுவில் ஆறு புள்ளி. வீட்டோரம் ஒன்பது. ஏணித் தட்டில் எண்ண முடியவில்லை, ஒரே நீலம். கழிவுநீர் கசிந்திருந்தால் வீட்டோரம்தான் அப்படி இருக்க வேண்டும். அவள் மூன்று தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பொறியாளர் அறைக்குப் போனாள். நான் பதிவேட்டோடு பின்னால் போனேன்.

அவர் தட்டுகளைத் தொடவில்லை. "பறவைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமாம்மா? மேடையில பறவை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உன் அறிக்கையில ஏரி நடுன்னுதானே இருக்கு? நடுவுல இருநூறு வந்திருக்கே?"

பதில் அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

"அது நடுவுல எடுத்ததில்ல சார். ஏணியில எடுத்தது. ரெண்டு வருஷமா."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"ஆமா சார்."

"எழுதிக் குடுப்பியா?"

நின்றுகொண்டே எழுதினாள். என் பெயரை அதில் எங்கேயும் சேர்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறு ஆய்வு முடியும்வரை தம்பியின் உத்தரவை நிறுத்தி வைத்தார், ரத்து இல்லை. பொய்ப் பதிவுக்காக அவள் அன்றைக்கே தற்காலிக நீக்கம். சூட்டுப் பெட்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியின் வாரைப் பழக்கத்தில் தோளில் மாட்டி, மறுபடி கழற்றினாள்.

கைபேசி அடித்தது. எதிர்முனையில் தம்பி கத்தியது எனக்கே கேட்டது. "அக்கா! நிறுத்தி வெச்சிட்டாங்களாம்! யாரைப் பிடிச்சே?"

"யாரையும் பிடிக்கலடா. சாயங்காலம் வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "உள்ள நேத்து வெச்ச கிணத்துத் தண்ணித் தட்டு ரெண்டு இருக்கு. மூணு மணிக்கு எடுத்துடு, லேட்டானா எண்ண முடியாது. அடுத்த வாரம் ஏரிக்கு நீதான் போகணும்." என் பேனாவை எடுத்து, மேலேயிருந்த வெற்றுப் படிவத்தில் அச்சடித்திருந்த 'ஏரி நடு'வின் மேல் ஒரு கோடு இழுத்தாள். "எங்க நின்னு எடுக்கறியோ அதை எழுது."