கனி பாயின் திருப்புளி

மன்னார்புரத்து மெக்கானிக் ஷெட்டில் முகம்மது கனியின் காதுக்குத் தனி மரியாதை. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வேன்களில் டீசல் இஞ்சினை மாட்டி விற்ற காலம் அது. வெளியே பளபளவென்று பெயிண்ட். உள்ளே என்ன கோளாறு என்பது விற்றவனுக்கே வெளிச்சம். அதனால் சரக்கு வேன் வாங்குகிறவர்கள் முதலில் கனி பாயிடம் ஓட்டி வருவார்கள். அவர் முழ நீளத் திருப்புளியின் நுனியை ஓடும் இஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைப்பார். "நாசில் ஒழுகுது" என்பார். "வால்வு சரியா உட்காரலை" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

அந்தக் காதுதான் அறுபத்திரண்டாம் வருஷம் அடைக்க ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்த காது எத்தனை நாள்தான் தாங்கும்? மனுஷர் வெளியே மூச்சு விடவில்லை. ஷெட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். வீட்டில் முடியவில்லை. மனைவி மஜீதா முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

துவாக்குடி சின்னையா ஒரு வேனைக் கொண்டுவந்தபோது திருப்புளி எதுவுமே சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. "நல்ல வண்டிதான், எடுத்துக்குங்க" என்றுவிட்டார். இருபதாம் நாள் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நிலத்தை விற்று வாங்கிய வண்டி. சின்னையா சண்டைக்காவது வந்திருக்கலாம். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க பாய்" என்று அவரே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கனி பாய்க்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் திருப்புளியின் பிடியைப் பல்லில் கவ்வியபடி குனிந்தார். நுனி ஓடும் இஞ்சினில் பட்டது. பல் வழியே ஏறி, மண்டைக்குள் ஒவ்வொரு வால்வும் தனித்தனியாகக் கேட்டது! அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் நாலு பேர் முன்னால் இப்படிக் கவ்வினால் காது போன கதை ஊருக்கே தெரிந்துவிடும். செவிட்டு மெக்கானிக்கிடம் எவன் வண்டி கொண்டுவருவான்?

அந்த வாரமே வந்தான் அடைக்கலராஜ். ஸ்ரீரங்கத்து வாழைத்தாரை மணப்பாறைக்கு ஏற்ற ஒரு வேன் பார்த்திருந்தான். மனைவியின் தாலியைத் தவிர வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றாயிற்று. தரகர் பிச்சை கூடவே நின்றார்.

"சீக்கிரம் பாருங்க பாய், வேற பார்ட்டி காத்திருக்கு!"

பிடியைக் காதில் வைத்தார். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தார். ஒன்றுமில்லை. அடைக்கலராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னையாவும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்தார். கனி பாய் "யா அல்லாஹ்" என்று முனகிவிட்டுப் பிடியைப் பல்லில் கவ்வினார்.

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. இஞ்சினின் அடியில் பேரிங் டொக் டொக்கென்று அடித்தது. எவனோ கெட்டி ஆயிலை ஊற்றி அந்தச் சத்தத்தை அமுக்கியிருந்தான்.

"வேணாம் தம்பி. பேரிங் போச்சு. பாரம் ஏத்துனா மணப்பாறை போய்ச் சேராது."

பிச்சையின் உதட்டை அவரால் படிக்க முடிந்தது. "இந்த ஆளுக்குக் காதே செவிடுங்க! பல்லால கேக்குறாராம்!"

சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். வாய்கள் திறந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

"ஆமாங்க, கேக்கலை" என்றார் கனி பாய். அடைக்கலராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மாதம் அவரைத் தேடி ஒரு வண்டி வரவில்லை. மஜீதா பீடி சுற்றி உலை வைத்தாள். அவர் மட்டும் தினமும் ஷெட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார், போக வேறு இடம் இல்லாமல். பிச்சை அந்த வேனை வேறு யார் தலையிலோ கட்டினார் என்பதும், அது மணப்பாறைக்கு முன்னாலேயே படுத்துவிட்டது என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை தோளில் ஒரு கை பட்டது. அடைக்கலராஜ். பின்னால் வேறொரு வேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை, கையைக் காலை ஆட்டிச் சைகையும் காட்டவில்லை. கீழே கிடந்த திருப்புளியை எடுத்தான். மரப்பிடியைத் தன் துண்டால் நன்றாகத் துடைத்து, அவரிடம் நீட்டினான்.