சுளை நீட்டிய கை

நேற்று திரையில் ஒரு சர்வாதிகாரி ஆரஞ்சை உரித்து, தன் நாட்டுக்குப் புதிதாய் வந்த இளைஞனுக்கு ஒரு சுளை நீட்டினான். அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் தூத்துக்குடியிலிருந்து கணபதி என்ற பட்டறைப் பகுதிக்குக் குடிவந்தோம். எனக்கு ஏழு வயது. எங்கள் லைன் வீடுகளும் பக்கத்து லேத் பட்டறையும் ஒருவருக்கே சொந்தம். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வீடுகளில் ரேடியோ தணியும்.

எதிர்வீட்டுச் செல்வி அக்காவின் கணவர் பட்டறையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனஸ் கேட்டுவிட்டார். மறுநாள் முதலாளி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, ஆரஞ்சு உரித்தபடி, கைக்குழந்தையோடு நின்ற அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சுப்போடுங்க. ஊடு நமக்கு வேணுமுங்க."

"போனஸ் கேட்டதுக்குங்களா?"

"அட, அதெல்லாம் இல்லீங்க. கொழந்தைய வெயில்ல வெக்காதீங்க, பாவம்."

சொல்லிக்கொண்டே என் வாயில் ஒரு சுளையை வைத்தார். "சாப்புடு கண்ணு."

இனிப்பாக இருந்தது. அக்கா ஒவ்வொரு குடமாகச் சுமந்து வெளியே வைத்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. என் அம்மா என்னை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. பட்டறை எண்ணெய் வாடையோடு கலந்த அந்த ஆரஞ்சுத் தோல் மணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் எழுதிவரும் படத்தின் சர்வாதிகாரி இதுவரை கத்திக்கொண்டே இருந்தான். இன்று காலை அந்த வசனங்களை எல்லாம் அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போய்ச் செல்வி அக்காவைத் தேடப் போகிறேன். கிடைத்தால், அவள் நின்ற இடத்திலிருந்து எங்கள் வாசல் எப்படித் தெரிந்தது என்று கேட்டு, கேமராவை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.