மூடியைத் திறந்து பார்த்தவர்

அவரை எல்லோரும் காது மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால் மனிதர் அதை நேராகப் பார்க்கக்கூட மாட்டார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அரை நிமிடம் கழித்து, வால்வு தட்டுகிறது என்றோ செயின் தொங்குகிறது என்றோ தீர்ப்பு வரும். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி யாரும் அவரிடம் வாய் திறப்பதில்லை. திறந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. அடுத்தவர் வண்டி அவர் கையில் தெருமுனையைத் தாண்டாது. வண்டியைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று குடும்பத்தோடு கல்யாணத்துக்கே போய்வருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இவர் கடையிலிருந்து தெருமுனைக்குப் போவார், திரும்புவார், அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது. மனிதர் சுத்தம் என்று ஊரே பாராட்டியது. பாராட்டிப் பாராட்டியே ஒரு மனிதரைக் கெடுத்துவிடலாம் என்பது ஊருக்குத் தெரியாது.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. டேங்க் மூடிக்குக் கீழே இருக்கும் வாஷர் தேய்ந்துபோன வண்டிகளில் பெட்ரோலோடு தண்ணீர் கலந்தது. புது வாஷர் கடைகளில் கிடைக்கவில்லை. ஆத்திர அவசரத்துக்குக் காது மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய டயர் டியூபைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மூடிக்கு அடியில் பொருத்தினார். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பன்னிரண்டு வண்டிகளுக்கு அதையே செய்தார். அதில் ஒன்று அவர் மைத்துனனுடையது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. வயது இருபத்தாறு. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்துக் கொடுக்கும் பட்டறையிலிருந்து, ஊர் ஊராக இருக்கும் கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோகும் வேலை. நாளெல்லாம் வண்டியில்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் வாயைத் திறந்தால் அளப்பு. ஓணானைப் பார்த்துவிட்டு முதலை என்பான். அக்கா வீட்டில் அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியில் பாதியை நம்புவார்கள்.

மழை நின்று இரண்டு வாரம் கழித்து அவன் வண்டியைக் கொண்டுவந்தான். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இழுவை குறைகிறது, இருமுகிறது, பிறகு செத்துப்போகிறது, ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் தானாகவே கிளம்பிவிடுகிறது என்றான். காது மெக்கானிக் முதுகைக் காட்டி நின்று கேட்டார். எஞ்சின் ஒழுங்காகப் பாடியது. பெட்ரோல் வரத்தைப் பார்க்கலாம் என்று, வழக்கப்படி முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பாதி டேங்க் இருந்தது. குழாயைக் கழற்றி, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைத் திறந்துவிட்டார். பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தார்.

நாலு நாளில் அவன் திரும்பி வந்தான். மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்தார், மறுபடியும் பெட்ரோல் கொட்டியது. குழாயையும் ஃபில்டரையும் மாற்றினார். மூன்றாவது முறையும் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் கொட்டியபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. பெட்ரோல் டேப்பைத் திறக்காமல் ஓட்டினால் வண்டி நிற்காமல் நடனமா ஆடும் என்று கடை வாசலில் நாலு பேர் கேட்கக் கேட்டார். சத்தியமாகத் திறந்துதான் ஓட்டுகிறேன் என்று அவன் சொன்னான். புலி வருது கதைதான், யார் நம்புவார்கள்? நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் மேம்பாலத்தின் மேல் வண்டி நின்றது. பின்னால் வந்த வேன் இடித்ததில் அவனுக்குத் தொடை எலும்பு முறிந்து, இடுப்பில் விரிசல் விட்டது. பட்டறையில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உறவுகள் நின்றபோது, வண்டியில் கோளாறா என்று யாரோ கேட்டார்கள். காது மெக்கானிக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டினவன்கிட்டதான் குறை" என்றார். கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு அவனை அக்கா வீட்டின் முன்னறையில் கொண்டுவந்து போட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு நாளெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தான். அக்காவுக்குத் தம்பிமேல் உயிர். அந்த உயிரெல்லாம் வசவாக வெளியே வந்தது. சோறு ஊட்டும்போதும், துடைத்துவிடும்போதும், கவனமில்லாத ஜென்மம் என்று திட்டினாள். அவன் முன்போல வாய்க்கு வாய் பேசவில்லை. அளப்பும் நின்றுபோயிருந்தது. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று காது மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

அந்த வண்டியைக் கண்ணில் காட்டாமல் விற்றுவிடச் சொன்னாள் மனைவி. அவர் கோணிய ஹேண்டிலை நிமிர்த்தி, உடைந்த விளக்கை மாற்றித் துடைத்து வைத்தார். வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். தினமும் வெகுதூரம் போய்வர வேண்டியவர். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல நீங்க தூரமா போயிருக்கீங்களா?"

காது மெக்கானிக் கடை வைத்த இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. போனதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போயிருக்கிறேன் என்று பொய் சொல்லவும் வரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று டீச்சரை அனுப்பிவிட்டு, மத்தியானம் கடையைச் சாத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு முதல்முறையாகத் தெருமுனையைத் தாண்டினார்.

புறவழிச் சாலையில் வண்டி அம்பாகப் போனது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். இந்த வண்டிக்கா குறை சொன்னான் என்று அவர் மனதுக்குள் ஏசத் தொடங்கிய நேரத்தில் இழுவை குறைந்தது. ஒரு முறை இருமியது, இரண்டாம் முறை இருமியது, அப்புறம் சத்தமே இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். வலது தோளை உரசுகிற மாதிரி லாரி கடந்துபோனது. காலால் தள்ளித் தள்ளி வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தார். டேப்பைக் குனிந்து பார்த்தார். அது திறந்துதான் இருந்தது.

காதுக்கு அங்கே வேலை இல்லை. நின்றுபோன எஞ்சினில் என்ன கேட்க முடியும்? அவர் கை பழக்கதோஷத்தில் டேங்க் மூடிக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. கடையில் மூன்று முறையும் முதல் வேலையாக மூடியைத் திறந்தோம், மூன்று முறையும் பெட்ரோல் கொட்டியது. இந்த முறை திறக்காமல் பார்த்தால் என்ன?

மூடியைத் தொடாமல் குழாயைக் கழற்றினார். நாலு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பாதி டேங்க் பெட்ரோலை மேலே வைத்துக்கொண்டு குழாய் வறண்டு கிடந்தது. அவர் மூடியை மெதுவாகத் திருகினார். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம், இரைச்சலான அந்தச் சாலையிலும் அவர் காதில் தெளிவாக விழுந்தது. அதே நொடியில் குழாயிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று அவர் பாதத்தில் கொட்டியது.

மூடியைப் புரட்டிப் பார்த்தார். அவர் கையால் வெட்டிய டியூப் வாஷர், பெட்ரோலில் ஊறி, அப்பளம் பொரிந்தமாதிரி உப்பிப்போயிருந்தது. மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை உண்டு. அதை அது பசைபோட்டதுபோல அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, இறங்கிய இடத்தில் காற்று நிரம்பினால்தான் மேற்கொண்டு இறங்கும். பால்டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, அதுதான் கணக்கு. ஐந்து நிமிடம் நிறுத்தினால் எங்கேயோ ஓர் இடுக்கில் கொஞ்சம் காற்றுக் கசிந்து வண்டி கிளம்பிவிடும். பையன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இவர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, கோளாறை விரட்டிவிட்டு, கோளாறு எங்கே என்று தேடியிருக்கிறார்.

அவர் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். கெட்ட எண்ணம் உடனே வந்தது, அதை மறைப்பானேன். வாஷரைப் பிய்த்துப் போட்டுவிட்டால் முடிந்தது. பார்த்தவர் யாருமில்லை. பையன் ஏற்கெனவே பழியை ஏற்றுக்கொண்டு கிடக்கிறான், அது பழகியும் போயிற்று. இருபத்திரண்டு வருடப் பெயர் இவருக்கு. இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்தபோதுதான் மற்ற பதினொரு வண்டிகள் நினைவுக்கு வந்தன. பலர் கடைவீதிக்கும் வீட்டுக்கும் போய்வருகிறவர்கள், அந்தத் தூரத்துக்குள் கோளாறு வெளியே தெரியாது. ஆனால் ஒருவர் மகளைக் காலேஜுக்குக் கொண்டுபோய் விடுகிறார், ஒருவர் பக்கத்து ஊர் ஆலைக்குப் போய்வருகிறார். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கூப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர் வீட்டு முன்னறையிலேயே கிடந்தது.

கழற்றிய வாஷரைக் கையில் பிடித்தபடியே அவர் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தம்பிக்குத் தலை வாரிவிட்டபடி திட்டிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, வண்டி நின்னது உன்னால இல்ல. என்னால."

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். வாஷரைக் காட்டினார், அது உப்பியிருந்த இடத்தைக் காட்டினார். நாளைக்குக் கடை திறக்கப்போவதில்லை என்றும், பதினொரு வீட்டுக்கும் போய் மூடியைக் கழற்றி விஷயத்தைச் சொல்லப்போவதாகவும், அதற்கு முன்னால் தப்பு பையன்மேல் இல்லை என்று சொல்ல லென்ஸ் பட்டறைக்குப் போவதாகவும் சொன்னார். மனைவியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

மைத்துனன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் மலங்க மலங்க விழித்தான்.

"போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேனே மாமா" என்றான். "டேப்பைத் திறக்க மறந்துட்டேன், தப்பு என்மேலதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில நீங்க அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. திறந்தது நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா தப்பா இருக்காதே. அக்காவும் ஒருநாள்கூட திறந்தியான்னு கேக்கல. ஏன் திறக்கலன்னுதான் கேட்டுச்சு."

அக்கா சீப்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஊர் வண்டிகளையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர், வீட்டுப் பிள்ளை சொன்னதை மூன்று முறையும் கேட்கவில்லை. நாளை முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன் என்று சொன்னார். அவன் தலையை ஆட்டினான், ஆனால் வேறு எதற்கோ காத்திருப்பவன்போலவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது என்ன என்று அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"டேப்பைத் திறந்தியாடா?" என்று கேட்டார்.

"திறந்தேன் மாமா" என்றான் அவன். சொல்லிவிட்டு, எலும்பு முறிந்த அன்றுகூட அழாதவன், வாய்விட்டு அழுதான்.