தேசிங்கு இறந்ததாகத் திரை சொன்ன காலை

சுவீடனில் துணி துவைப்பதற்கும் முன்பதிவு செய்ய வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும். 'த்வெட்ஸ்தூகா' என்பார்கள். அதன் வாசலில் ஒரு பலகை, பலகையில் கிழமைக்கும் நேரத்துக்குமாக வரிசையாக ஓட்டைகள். நம் வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை வேண்டிய ஓட்டையில் மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் நம்முடையது. ஆனால் அரை மணிக்குமேல் தாமதித்தால் உரிமை போய்விடும், யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். போன செவ்வாய்க்கிழமை நான் முப்பத்தைந்து நிமிடம் கழித்து அழுக்குக் கூடையோடு இறங்கியபோது, மூன்றாம் மாடிப் பெரியவரின் போர்வைகள் இரண்டு எந்திரங்களிலும் சுழன்றுகொண்டிருந்தன. "நீங்கள் இல்லை" என்றார், கோபமே இல்லாமல். மேலேதான் இருந்தேன், ஊரிலிருந்து போன் வந்துவிட்டது என்று என் அரைகுறை சுவீடிஷில் சொன்னேன். அவர் என் போன் பழுதாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, பழுதுபார்க்கும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ஏழு வருஷமாக இங்கே இருக்கிறேன். அந்தப் பொறுமையைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது. நான் என்ன படிக்கப் போனேன் என்று யாராவது கேட்டால் படாளத்தில் என் அம்மா "போன் ரிப்பேர் படிக்கிறான்" என்று சொல்லி முடித்துவிடுவாள். முதல் விடுமுறைக்குப் போனபோது பெரியப்பா மகன் செத்துப்போன செல்போன்கள் நான்கை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். நான் நிரல்மொழி ஆராய்ச்சி செய்கிறேன், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதற்கான புது மொழி உண்டாக்குகிறேன் என்று சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி, இதில் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, பார் என்றான்.

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். டவர் இல்லாத இடத்தில் கையடக்கக் கருவிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். அருகில் வரும் கருவியிடம் சேதியைக் கொடுத்தால், அது இன்னொன்றை நெருங்கும்போது அதனிடம் கொடுக்கும். இதற்கு மொபைல் ஆட் ஹாக் நெட்வொர்க் என்று பெயர். வழக்கமான நிரல்மொழிகள் மேசையில் கம்பியோடு கிடக்கும் கம்ப்யூட்டருக்காகப் பிறந்தவை. தொடர்பு அறுந்தால் பிழை என்று கத்திவிட்டு நின்றுவிடும். நாங்கள் செய்த மொழியில் அறுந்துபோவது பிழையே இல்லை, அதுதான் இயல்பு. மறுபடி சந்திக்கும்வரை சேதியை வைத்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதில்தான் தகராறு. என் பேராசிரியர் ஹோக்கன் (இங்கே பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இரண்டு வருஷம் நாக்கு கூசியது) அதை மொழிக்குள்ளேயே கட்டி வைத்தார். குறித்த நேரம் கடந்தால் மொழியே அந்தக் கருவியை 'டெட்' என்று அறிவித்துவிடும், அதற்கான சேதிகளையெல்லாம் வீசிவிடும். கருவிகளில் இடம் குறைவு, எதையாவது வீசித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதம்.

பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் சைக்கிள்களில் கருவியைக் கட்டிச் சோதித்தோம். எவனும் ஏழு நிமிடத்துக்குமேல் தொலையவில்லை. இது சோதனையா என்று அலுத்துப்போய் நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மாமல்லபுரம் கடற்கரை இருக்கிறது, கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் அறுந்துவிடும், படகுகளில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். ஹோக்கனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. 2006 ஜனவரியில், எட்டுக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினேன். சுங்க அதிகாரி இதெல்லாம் என்ன என்று கேட்டார். நெட்வொர்க், கடலில் படகுகளுக்கு நடுவே போடுவது என்றேன். வலையா என்றார். விளக்கிக்கொண்டிருந்தால் விடியாது என்று, ஆமாம் சார், வலைதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் அண்ணன் யேசுதாஸ் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு ஷெட்டில் படகு மோட்டார் பழுதுபார்க்கிறவன். எங்கள் அப்பா படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பத்தாவதோடு அண்ணன் நின்று மோட்டாரைப் பிரிக்கப் போனதால்தான் நான் செங்கல்பட்டுக்கு ரயிலேறிப் படித்தேன். அவன் வழியாகத்தான் தேசிங்கு அண்ணாத்த பழக்கமானார். நாற்பது வயது, அதிகம் பேசாத மனிதர், ஃபைபர் படகு ஒன்றின் சொந்தக்காரர். அவர் ஒத்துக்கொண்டதும் மற்ற ஏழு படகுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். கருவிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். கரையில் ஏலக் கொட்டகையின் மேசைமேல் ஒரு மடிக்கணினி. அதன் திரையில் எட்டுப் படகும் வரிசையாகத் தெரியும். மூன்று படகுக்கு ஒரே அம்மன் பெயர் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று சொந்தக்காரர்களின் பெயரையே போட்டேன். பக்கத்தில் அதன் நிலை. 'அருகில்' என்றால் கரைக்குக் கிட்டே வந்துவிட்டது. 'தொலைவில்' என்றால் சேதி வந்துகொண்டிருக்கிறது, ஆனால் தூரம். மூன்றாவது நிலை 'டெட்'. சுவீடனில் என் அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தமிழாக்கியபோது அதை 'இறந்தது' என்று எழுதியிருந்தேன். எங்கள் துறையில் கருவி செத்தது, இணைப்பு செத்தது என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் நாங்கள். காதில் கூட ஏறவில்லை.

கடலுக்காகக் கால வரம்பை மூன்று மணி நேரமாக உயர்த்தியிருந்தேன். இரண்டு வாரம் எல்லாம் அழகாக நடந்தது. படகுகள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வந்தன, மூன்றாவது நிலை ஒருநாளும் திரைக்கு வரவில்லை. மீன் வாங்கும் பெண்கள் எந்தப் படகு முதலில் வருகிறது என்று திரையைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். தேசிங்கின் மனைவி அம்சா அக்கா எட்டாவது வரை படித்தவர். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்தான் வாசித்துச் சொல்வார். ஹோக்கனுக்குத் தினமும் பெருமையாக மின்னஞ்சல் போட்டேன்.

பதினாறாம் நாள் ஏழு படகு திரும்பிவிட்டன. தேசிங்கின் படகு வரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் நான் மேசையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கொட்டகையில் ஏலம் நின்றிருந்தது. அம்சா அக்கா மணலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கூடை கவிழ்ந்து கிடந்தது. திரையில் 'தேசிங்கு – இறந்தது' என்று இருந்தது.

அந்தக் கரையில் பெரிய அலை வந்துபோய் ஒரு வருஷமும் ஒரு மாதமும்தான் ஆகியிருந்தது. அங்கே யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிப்போய், அக்கா, அது மெஷினைச் சொல்லுது, ஆளைச் சொல்லல, மூணு மணி நேரமா சிக்னல் இல்ல, அவ்வளவுதான் என்று என்னென்னவோ உளறினேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். அம்சா அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அவரு எங்க கீறாருன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரியலன்னா தெரியலன்னு போடு. செத்துட்டாருன்னு நீ எப்டி போடுவ? படிச்சவன்தான நீ?"

அதற்குள் அண்ணன் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்தான். திரையைப் பார்த்தான், மடிக்கணினியை மூடினான். இரண்டு படகில் ஆட்கள் ஏறித் தெற்கே போனார்கள், அண்ணனும் போனான். நான் கரையில் நின்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எந்த ஆய்வுக்கட்டுரையிலும் நான் எழுதவில்லை.

தேசிங்கின் படகைச் சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். மோட்டார் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். கருவியின் பேட்டரி தீர்ந்துவிடுமே, தம்பியின் சாமான் கெட்டுவிடுமே என்று அவரே அதை அணைத்து, சோற்றுத் தூக்கோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். நடந்ததை அண்ணன் படகிலேயே சொல்லியிருக்கிறான். அண்ணாத்த கரையேறி நேராக என்னிடம் வந்து பையைக் கொடுத்தார்.

"அணைச்சி வெச்சேன் தம்பி. அதுக்கு நான் செத்துப்பூட்டனா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அம்சா அக்கா அவரைப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சோதனையை அன்றோடு நிறுத்தினேன்.

நடந்ததை விவரமாக எழுதி ஹோக்கனுக்கு அனுப்பினேன். அவர் பதில் ஒரே வரி. இது ஒரு தவறான கணிப்பு, இப்படி எத்தனை சதவீதம் வருகிறது என்று அட்டவணை போடு. பிப்ரவரிப் பனியில் திரும்பிவந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். சொல்லை மாற்றினால் போதாது, மொழி தானாக எதையும் செத்ததாக அறிவிக்கவே கூடாது, தெரியவில்லை என்பதும் ஒரு நிலையாக மொழியில் இருக்க வேண்டும், சேதியை வீசுவதா வைப்பதா என்று ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும் என்றேன். தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்றார். காத்திருக்கும் என்றேன். நீ கொஞ்சம் ஓய்வெடு, பயணக் களைப்பு என்றார். ஒன்றரை மாதம் இப்படியே போனது. சத்தம் போடாத மனிதரோடு சண்டை போடுவதைப் போல ஆளைக் கொல்வது வேறில்லை. ஒருநாள் படாளத்துத் தமிழில் அவரை நன்றாக ஏசினேன். அழகான மொழி, இனிமையாக இருக்கிறது என்றார்.

ஒரு வியாழக்கிழமை காபி நேரத்தில் இதே வாக்குவாதம். மேசையின் மறுகோடியில் துறைச் செயலாளர் இங்ரிட் உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷத்தில் என்னிடம் விண்ணப்பப் படிவங்களைத் தவிர வேறெதையும் பேசாதவர். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த தன் தங்கை அந்த அலையில் போனாள் என்றார். ஐந்து மாதம் அவள் பெயர் பட்டியலில் 'சாக்னாத்' என்றுதான் இருந்தது. சுவீடிஷில் அதற்குக் காணவில்லை என்றும் பொருள், அவள் இல்லாமல் ஏங்குகிறோம் என்றும் பொருள். அந்த ஐந்து மாதமும் யாராவது அவசரப்பட்டு வேறு சொல்லைப் போட்டிருந்தால் நான் அவர்களை மன்னித்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். ஹோக்கன் நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. மறுநாள் என் அறை வாசலில் நின்று, சரி, எழுது, ஆனால் நினைவகக் கணக்கை நீதான் சரிக்கட்ட வேண்டும் என்றார்.

சரிக்கட்டினேன், ஓரளவுக்கு. மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை நடைமுறைக்கு ஒவ்வாது என்று இரண்டு முறை திரும்பி வந்தது. 2008இல் ஒருவழியாக ஆய்வேடு முடிந்தது. அதற்குள் கடற்கரையெங்கும் டவர் முளைத்துவிட்டது, தேசிங்கு அண்ணாத்த கடலிலிருந்தே அக்காவுக்கு போன் போடுகிறார் என்று அண்ணன் சொன்னான். ஆறு வருஷ உழைப்பு. இப்போது நான் லிஃப்ட் செய்யும் கம்பெனியில் கதவு திறந்து மூடுவதற்கு நிரல் எழுதுகிறேன். லிஃப்ட் எங்கும் தொலைந்துபோகாது.

இந்த ஊரில் ஆய்வேட்டுக்காகத் தேர்வாளர்கள் எதிரே நின்று வாதாடுவதற்கு மூன்று வாரம் முன்னால் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும். பழைய வழக்கம். சுத்தியலை என் கையில் கொடுத்து எல்லோரும் கைதட்டினார்கள். பட்டம் வாங்கியபின், அந்தப் பிரதியைக் கழற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். புத்தகத்தில் போய் எவனாவது ஆணி அடிப்பானா என்று அம்மாவுக்குக் கோபம். அதுதான் அங்கே மரியாதை என்று சொல்லிப் பார்த்தேன். என்ன மரியாதையோ என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு தேசிங்கு அண்ணாத்த வீட்டுக்குப் போனேன். அம்சா அக்கா மீன் வறுத்துப் போட்டார், பழைய கதை எதையும் எடுக்கவில்லை. அண்ணாத்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணி ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வலை பின்னும் நைலான் நரம்பை அதில் கோத்து, முடிச்சுப் போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அப்போது வந்த பக்கத்து வீட்டுக்காரர் இது என்ன என்று கேட்டதற்கு, "நான் செத்துப்பூட்டேன்னு போட்டாங்களே, அந்த புக்கு" என்றார் சாதாரணமாக.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் ஊரு பேரு இதுல எங்க கீது?" என்று கேட்டார். அட்டையில் என் பெயருக்குக் கீழே சுவீடன் நகரத்தின் பெயர்தான் அச்சாகியிருந்தது. உள்ளே புரட்டிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அக்கா ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். அந்த நகரத்துக்குக் கீழே படாளம் என்று எழுதினேன். வழவழப்பான அட்டையில் மை பிடிக்கவில்லை, கை பட்டதும் அழிந்துவிட்டது. இரண்டாவது முறை எழுதினேன், அதுவும் அழிந்தது. மூன்றாவது முறை அழுத்தி எழுதினேன். மை நிற்கவில்லை, பேனா முனையின் தடம் மட்டும் அட்டையில் பள்ளமாக விழுந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவு வழியாகக் கடற்காற்று வந்து புத்தகம் கொஞ்சம் திரும்பும்போது, வெளிச்சம் சாய்வாக விழுந்து, ஊர்ப்பெயர் ஒரு கணம் தெரிகிறது.