கொட்டகைக் காவல்காரி

குருவிநத்தத்தில் தனக்கொடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'கொட்டகைக்காரி' என்றால்தான் தெரியும். அதுவும் முதுகுக்குப் பின்னால்தான்; எதிரில் சொல்ல யாருக்குத் தைரியம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போனபோது, நோய் கண்ட பெண்களைத் தனியே வைக்க ஆற்றங்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். புருசனை இழந்து, அண்ணன் வீட்டில் ஏச்சும் பேச்சும் வாங்கிக் கிடந்த தனக்கொடியை அதற்குக் காவல் வைத்தார்கள். கையில் ஒரு தடி, தோளில் ஒரு சிவப்புப் பட்டை. வெளியாள் உள்ளே போகக் கூடாது, உள்ளே இருப்பவள் வெளியே வரக் கூடாது. உத்தரவு அவ்வளவுதான். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பார்கள்; தடி எடுத்தவள் மட்டும் சும்மா இருப்பாளா? அதுவரை அவளை ஏறிட்டும் பார்க்காதவர்கள் அவள் முன்னால் கைகட்டி நின்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காசம்மாள் வந்தாள். அவள் மகள் ஆண்டாள் உள்ளே கிடந்தாள்.

"நான் உள்ள வரல தனக்கொடி. இந்தக் கஞ்சித் தண்ணிய மட்டும் அவகிட்ட குடுத்துடு. தண்ணி தண்ணின்னு கத்துறா, இங்க வரைக்கும் கேக்குது."

தனக்கொடி சட்டியை வாங்கினாள். வாங்கி, பெற்றவள் கண்ணெதிரிலேயே மணலில் கவிழ்த்தாள்.

"உத்தரவு இல்ல. போ."

ஆண்டாள் அன்று சாயங்காலமே செத்துப்போனாள்.

கொட்டகையைப் பிரித்த பிறகு ஊரே தனக்கொடியைக் கரித்துக் கொட்டியது. காசம்மாள் மட்டும் திட்டவில்லை. "அவ இன்னா பண்ணுவா பாவம்? மேல இருக்கறவன் சொன்னத செஞ்சா" என்பாள். நடவோ அறுப்போ, போகிற வழியில் நின்று அவளையும் கூப்பிட்டுக்கொண்டு போவாள். தனக்கொடிக்கு அந்த ஊரில் மனுசி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

நாற்பத்தாறு, தை மாதம். பாகூரில் ஜெகநாதச் செட்டியார் கடையில் தனக்கொடி உப்பு வாங்க நின்றாள். செட்டியார் வழக்கம்போலப் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் சனங்களை அடைத்து வைத்து, பட்டினி போட்டுக் கொன்ற முகாம்களாம். அங்கே காவல் இருந்த பெண்களில் மூன்று பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்களாம்.

"பொம்பளைங்களையா?" என்றாள் தனக்கொடி.

"பொம்பளைங்களதான். கேட்டா உத்தரவும்பாளுங்க. அடின்னு ஒருத்தன் சொன்னான்னே வச்சிக்க. கூட நாலு அடி அடிச்சாளே, அது எவன் உத்தரவு?"

செட்டியார் ஊருக்குச் சொன்ன நியாயம்தான். அது தனக்கொடிக்குச் சுருக்கென்று தைத்தது. உப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். கஞ்சியைக் கொட்டு என்று எவனும் அவளிடம் சொல்லவில்லை. உத்தரவு உத்தரவு என்று மூன்று வருசமாக ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். இதைக் காசம்மாளிடம் சொல்லாமல் இருந்தால் அவளாவது மிஞ்சுவாள். சொன்னால் அவளும் இல்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

காசம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கஞ்சிய கவுக்கச் சொல்லி உத்தரவு இல்லக்கா. நானாதான் கவுத்தேன்."

முறம் நின்றது. "இன்னா சொன்ன?"

தனக்கொடி மறுபடியும் சொன்னாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து நீட்டினாள். "அடிச்சிடுக்கா. செத்தாலும் பரவால்ல."

காசம்மாள் அதைத் தொடவில்லை.

"எம்பொண்ணு விதி முடிஞ்சி செத்தான்னு மூணு வருசமா மனச தேத்தி வச்சிருந்தேன்டி. இன்னிக்கி அதையும் கவுத்துட்ட. உன் வூட்டுக்குப் போ."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் தனக்கொடி அரிவாளோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். அறுப்புக்குப் போன காசம்மாள் அவளைக் கூப்பிடாமல் கடந்து போனாள்.